பாலில் கலந்த அஸ்வகந்தா

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் வசிக்கிறேன். புரோஸ்டேட் புற்றுநோய்க்காக என் கணவருக்கு ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போட்டுவந்தார்கள். மாடிப்படி ஏறவே சோர்ந்துபோவார். தெம்பு வரட்டும் என்று, டாக்டரிடம் கேட்காமல், தினமும் பாலில் அஸ்வகந்தா பொடி கலந்து கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில், புற்றுநோயைக் காட்டும் அளவு ஏறியிருந்தது. டாக்டர் விசாரித்தபோது பொடியைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா, புற்றுநோயை வளர்க்கற அந்த ஆண் ஹார்மோனை இது கூட்டலாம். அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா உடனே நிறுத்துங்க" என்றார்.

ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன். "நான் நல்லாயிருக்கணும்னுதானே கொடுத்தே, விடு" என்றார் பக்கத்தில் இருந்த என் கணவர்.

அடுத்த வருடம் போய்விட்டார். பொடியால்தானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போது நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால், "நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கறீங்களா? டாக்டருக்குத் தெரியுமா?" என்று தயங்காமல் கேட்டுவிடுகிறேன்.