பதினொரு தடவை எண்ணிய வான்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஒன்றரை மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் என்றால் நானும் கம்பனிச் சாரதி பாரூக் நானாவும்தான். பின் ஆசனத்தில் என் பையும் ஒரு குடையும் சொகுசாகச் சாய்ந்திருந்தன. அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேன வழியாக நாவலப்பிட்டி. மீற்றர்ப்படி நூற்றுப் பத்துக் கிலோமீற்றர்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நிதி நிறுவனத்தில் காபன் கணக்குப் பார்ப்பவன். "கடன் குடுக்கிற கம்பனிக்கும் புகைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறாள். இருக்கிறது. ஜெனரேற்றர் குடிக்கும் டீசல், குளிரூட்டி இழுக்கும் மின்சாரம், வேலையாட்கள் வந்துபோகும் வாகனம், நாங்கள் கடன் கொடுத்து வீதியில் இறக்கிவிட்ட லொறிகளும் முச்சக்கர வண்டிகளும் விடும் புகையில் எங்கள் பங்கு: எல்லாவற்றையும் கிலோவாக்கி ஓர் அட்டவணையில் போட வேண்டும். போட்ட பிறகு எதைக் குறைக்கலாம் என்று பார்க்க வேண்டும்.

அந்த அட்டவணையில் எங்கள் பல்லேகல அலுவலகம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அங்கே வேலை செய்பவர்களில் பதினொரு பேர் நாவலப்பிட்டிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். நான் அனுப்பிய படிவத்தில் பதினொரு பேரும் "வான், ஒரு வழி 51 கிலோமீற்றர்" என்று எழுதியிருந்தார்கள். ஆளுக்கொரு வான்! நாவலப்பிட்டியில் இவ்வளவு வசதியா என்று வியந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை. கணினி கூட்டியது, நான் நம்பினேன். சிவப்புத் தூண் வைத்த படத்தை மேலிடத்துக்குக் காட்டிப் பாராட்டும் வாங்கினேன். விளைவு, வெள்ளிக்கிழமை கூடும் குழு ஒரு முடிவெடுக்க இருந்தது. வான் பயணத்துக்குக் கம்பனி கொடுக்கும் உதவியை நிறுத்தி, அந்தப் பதினொரு பேரையும் மூன்று சின்னக் கிளைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவது. அதற்கு முன் ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வா என்றார் பொது முகாமையாளர்.

மாலை 5.40. கினிகத்தேனயில் பிளேன் டீ குடிக்க இறங்கினோம். மழை எங்களுக்காகவே காத்திருந்தது போல் கொட்டியது. குடை காருக்குள் பத்திரமாக இருந்தது. நாவலப்பிட்டி ரயில் நிலையத்துக்குக் கிட்ட 4,500 ரூபாய்க்கு ஓர் அறை. கழற்றிப்போட்ட சட்டை விடியும்வரை காயவில்லை. ஆனாலும் எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று. கடைக்காரர்கள் மழைக்குக் கதவைச் சாத்தாமல், தெருவில் நனைந்து போகிறவனைக் கூப்பிட்டு உள்ளே நிற்க வைக்கிற ஊர்.

புதன், காலை 5.45. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வான். முன் கண்ணாடியில் முருகன் படமும் ஒரு செபமாலையும் ஒற்றுமையாகத் தொங்கின. வானருகே கையில் கொப்பியுடன் நின்றவர் ஸ்டெல்லா, பல்லேகல அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞர். இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் எனக்கு ஓர் இடம் கேட்டிருந்தேன்.

"வாங்க சேர், வாங்க. நேரத்துக்கே வந்துட்டீங்க."

"வணக்கம் மிஸ். நான் எந்த வானில ஏற வேணும்?"

அவர் கொப்பியிலிருந்து நிமிர்ந்தார். "எந்த வானா? இருக்கறதே ஒன்னுதானே சேர்."

"மற்றப் பத்து?"

"எந்தப் பத்து?"

படிவத்தை எடுத்துக் காட்டினேன். ஸ்டெல்லா அதைத் தெருவிளக்கில் பிடித்து வாசித்தார். "என்ன வாகனம்னு கேட்டீங்க, வான்னு எழுதினோம். எத்தன கிலோமீற்றர்னு கேட்டீங்க, எழுதினோம். வண்டியில எத்தன பேருன்னு நீங்க கேக்கவே இல்லியே சேர்."

உண்மை. அந்தப் படிவத்தை வரைந்த மகான் நான்தான். ஒரே வானைப் பதினொரு தடவை எண்ணி, அதற்குச் சிவப்பு வர்ணமும் அடித்து, அதில் போகிறவர்களின் சோற்றில் மண் போடப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

5.55. புறப்பட்டோம். எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். காசாளர் ஜெசிந்தாவின் இடம் அது. அவர் அன்று லீவு. இந்த வானுக்கென்று சில சட்டங்கள் உண்டு. கம்பளை வரும்வரை யாரும் பேசக்கூடாது, தூங்குகிறவர்கள் தூங்கட்டும். கம்பளை வந்ததும் பாட்டுப் போடலாம், சாப்பாட்டுப் பெட்டி திறக்கலாம். ஜன்னலோர இடம் வாரத்துக்கு வாரம் மாறும். இடப்பக்கத்தில் மகாவலி எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மடியில் கொப்பியை வைத்துக் கணக்கைத் திருத்திப் போட்டேன். ஒன்பது கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் டீசல். ஒரு லீற்றர் எரிந்தால் இரண்டே முக்கால் கிலோ அளவில் காபனீரொட்சைட்டு. பல்லேகல போய்ச்சேரப் பதினைந்து கிலோ சொச்சம். பதினொரு பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஒன்றரைக் கிலோகூட இல்லை. எங்கள் கம்பனியிலேயே தூரத்துக்கு இவ்வளவு குறைவாகப் புகைவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

6.35. கம்பளை. பாட்டு வந்தது, இட்லியும் கட்டச் சம்பலும் வந்தன. நான் முன்னால் நகர்ந்து சாரதி யோகராஜிடம் பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும்; வீதியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பகிடி விடுகிற மனிதர்.

"வான் உங்கட சொந்தமோ அண்ணை?"

"சொந்தந்தான் சேர். லீசிங் உங்க கம்பெனிலதான். இன்னும் முடியல."

அப்படியானால் கடன் கொடுத்த வாகனங்களின் பட்டியலிலும் இதே வான் இருக்கிறது. பன்னிரண்டாவது தடவை! அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. நான் அடுத்த கேள்விக்குப் போனேன். பகல் முழுக்க வான் பல்லேகலயில் நிற்குமா, அல்லது வெறுமையாக எங்காவது ஓடுமா? அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

"வெறும் வண்டிய ஓட்ட எனக்கென்ன பைத்தியமா சேர்?" என்று சிரித்தவர், கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். "அத விடுங்க. பின்னால ஒரு காரு நாவலப்பிட்டியில இருந்தே நம்மள ஒட்டிக்கிட்டு வருது. நிப்பாட்டினா நிக்குது. வழி விட்டாலும் முந்தறான் இல்ல. யாருன்னு தெரியலியே."

வானில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திரும்பவில்லை. எனக்குத் தெரியும்.

"அது... எங்கட கார்தான். நான் திரும்பிப் போறதுக்கு."

"உள்ளுக்கு யாரு இருக்கா?"

"டிரைவர் மட்டும்."

பின் வரிசையில் யாரோ அடக்க முடியாமல் சிரிக்க, வான் முழுக்கச் சிரித்தது. யோகராஜ் சிரித்துக்கொண்டே ஹோர்னையும் ஒரு தட்டுத் தட்டினார். பின்னால் வந்த பாரூக் நானா அதை மரியாதை என்று நினைத்து அவரும் ஹோர்ன் அடித்தார்.

7.30. கெலிஓயா, பேராதனை தாண்டிக் கண்டி. ஆஸ்பத்திரிச் சந்தியில் யோகராஜ் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். "இன்னைக்கு எறங்க ஆள் இல்ல யோகண்ணே, போங்க" என்றார் ஸ்டெல்லா.

யார் இறங்குவது வழக்கம் என்று கேட்டேன். ஸ்டெல்லா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். டீசலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் இந்த வானில் ஒரு சட்டம் பிறந்ததாம்: இடம் வெறுமையாகப் போகக்கூடாது. லீவு போடுகிறவர் தன் இடத்துக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும். பெரும்பாலும் கண்டியில் கிளினிக் இருக்கிற யாராவது, தோட்டத்து ஆட்கள். காலையில் ஆஸ்பத்திரியில் இறக்கி, மாலையில் அதே இடத்தில் ஏற்றிக்கொள்வார்கள்.

"அப்ப இண்டைக்கு ஜெசிந்தா மிஸ்ஸின்ர இடத்துக்கு?"

"அவங்க பக்கத்து லயத்து வீட்டு பாக்கியம் அக்கா சேர். கண் கிளினிக். நீங்க வர்றீங்கன்னதும், பரவால்ல, நான் பஸ்ஸுல போறேன்னு விடியக்காலையே போயிட்டாங்க. நின்னுக்கிட்டுத்தான் போயிருப்பாங்க."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் கார், குளிரூட்டி போட்டு, நான்கு வெற்று ஆசனங்களோடு வானுக்குப் பின்னால் பணிவாக வந்துகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. நேற்றுக் கொழும்பிலிருந்து என் ஒருவனை ஏற்றிவர அது விட்ட புகை இருபத்து மூன்று கிலோ. பதினொரு பேரைச் சுமக்கும் இந்த வான் விடுவது பதினைந்து. ஊருக்கு உபதேசம் என்பது இதுதான்.

8.10. தென்னக்கும்புர பாலம் கடந்து, குண்டசாலை வழியாகப் பல்லேகல. கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறார்கள். குளிரூட்டியை இருபத்தாறுக்குக் கீழே இறக்க விடாமல் ஸ்டெல்லா ரிமோட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். அங்கேயும் எனக்குக் கிடைத்தது ஜெசிந்தாவின் கதிரைதான். அதில் உட்கார்ந்து மின்சாரப் பட்டியல்களையும் ஜெனரேற்றர் கொப்பியையும் சரிபார்த்தேன். பிறகு படிவத்தில் "வாகனத்தில் எத்தனை பேர்" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்து, அட்டவணையைத் திருத்தி அனுப்பினேன். பல்லேகலயின் சிவப்புத் தூண் புல்லளவுக்குச் சுருங்கியது. பொது முகாமையாளர் தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி: பிழை யாருடையது? என்னுடையது என்றேன். குழுவில் உள்ளவர்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பகல் 12.40. எனக்கு இன்னொரு வேலை இருந்தது. அறைக் கணக்கை இன்னும் தீர்க்காததால், கொழும்புக்கு நான் திரும்புகிற பாதை நாவலப்பிட்டி வழியாகத்தான். ஜெசிந்தாவை அழைத்துத் தொலைபேசி இலக்கம் வாங்கி, பாக்கியம் அக்காவைக் கண் கிளினிக் வாசலில் கண்டுபிடித்தேன். அறுபதை நெருங்கிய பெண்மணி. கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார்கள். எதிரில் நிற்கும் ஆளே அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. வான் வரும்வரை, மாலை ஐந்தரை வரை, வாசலிலிருந்த மர வாங்கிலேயே உட்கார்ந்திருக்கப் போகிறாராம்.

"அக்கா, நான்தான் உங்கட சீட்டில வந்தவன். காரில வாங்கோ, நாவலப்பிட்டியில விடுறன்."

"ஐயாவுக்கு எதுக்குங்க வீண் செலவு?"

"செலவில்லை அக்கா. போற பாதைதான்."

வழியில் சாப்பிட்டோம். கம்பளை தாண்டும்போது தொலைபேசி அடித்தது. பொது முகாமையாளர். காபன், தலைக்கு எத்தனை கிலோ, திருத்திய அறிக்கை என்று நெடுநேரம் பேசிவிட்டு வைத்தேன். பாக்கியம் அக்கா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னமோ பேசறீங்க. வான் இருக்கா, இல்லியா? அதச் சொல்லுங்க."

"இருக்கும் அக்கா. ஒருத்தரையும் மாத்தவும் மாட்டினம்."

"அப்பாடி" என்றவர், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மருந்து வழிகிறது என்றார். எனக்கு மருந்து எதுவும் விடவில்லை. ஆனாலும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யோகராஜுக்கும் ஸ்டெல்லாவுக்கும் செய்தி சொன்னேன். அந்தப் பக்கம் கேட்ட சத்தத்தில் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

3.20. அறைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, நாவலப்பிட்டி பஸ் நிலையம். பாக்கியம் அக்கா இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றார்.

"தம்பி, இதுக்கு மேல கொழும்பு வரைக்கும் சீட்டு சும்மாவா போகுது?"

நான் பதில் சொல்வதற்குள் அவர் திரும்பி, கண் சரியாகத் தெரியாத நிலையிலும் பஸ் நிலையம் முழுவதற்கும் கேட்கக் கூவினார்: "கொழும்பு, அவிசாவள போற ஆள் யாராச்சும் இருக்கீங்களா? சீட்டு இருக்கு! நம்ம தம்பிதான்!"

கைப்பையோடு ஓர் ஆசிரியை வந்தார், அவிசாவளைக்கு. பஸ்ஸைத் தவறவிட்ட கணவனும் மனைவியும் வந்தார்கள், கொழும்புக்கு. என் பை மடிக்கு வந்தது, குடை காலடிக்குப் போயிற்று. பாரூக் நானா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காரை எடுத்தார். கினிகத்தேனயில் ஆசிரியை கொய்யாப்பழம் நறுக்கி உப்புத்தூளோடு நீட்டிய பிறகு முகம் கொஞ்சம் இறங்கியது. எட்டு வருடம் என்னோடு ஓடியும் சொல்லாத தன் மகளின் கல்யாணக் கதையை, அன்றுதான் அவர் அந்த மூன்று பேருக்கும் சொன்னார்.

வெள்ளவத்தையில் என் ஒழுங்கையிலிருந்து காலையில் ஏழு கார்கள் புறப்படும், ஏழிலும் ஒவ்வொருவர். ஒன்று என்னுடையது. மற்ற ஆறு பேரின் பெயரும் எனக்குத் தெரியாது. இந்த வாரம் போய்க் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, மடியிலிருந்த பையிலிருந்து என் பயணப் படிவத்தை எடுத்துப் புதிய கட்டத்தில் முதல் ஆளாக எழுதினேன்: ஐந்து பேர்.

மாலை 5.30. அவிசாவளையில் ஆசிரியை நன்றி சொல்லி இறங்கிப் போனார். கட்டத்தில் ஐந்தை வெட்டி நான்கு என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். கார் நகரவில்லை. பாரூக் நானா கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, எதிரே பஸ் தரிப்பிடத்தில் நின்ற சனத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சேர்," என்றார். "நானும் ஒரு சத்தம் போட்டுப் பாக்கிறேன்."