முக்காலுக்கு மேல் ஏறாத முள்

கலியன் ஹௌராவில் ரயில் ஏறியது 1998 ஆகஸ்ட் பதினேழு, திங்கட்கிழமை. அந்நேரம் அலமு எண்ணெய் ஆலையில் ஒரு மின்பெட்டியின் மூடியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராக விரலால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல ஸ்குரூ. அப்புறம்தான் சந்தேகம்” என்பது அவர் வழக்கம்.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் அலமு. ஆலையின் அளவுக்கருவிகளைப் பழுதுபார்ப்பது வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் அலமுதி, அதாவது அலமு அக்கா. மல்டிமீட்டர் எப்போதும் கைப்பையில் இருக்கும். லேக் மார்க்கெட்டில் வாழைக்காய் நிறுப்பதற்கு முன் தராசுத் தட்டைத் தானே ஒருமுறை அழுத்துவார்.

“கீ ஹோலோ, தீதி?” என்ன ஆச்சு என்பார் கடைக்காரர்.

“கிச்சு நா, தாதா. ஒண்ணுமில்ல, முள் கடைசி வரைக்கும் போகுதான்னு பாத்தேன்.”

இந்தப் பழக்கம் கலியன் போன பிறகு வந்தது.

கலியன் டேங்க் ஆபரேட்டர். ஒரு நாள் டேங்க் நிரம்பி வழிந்து, ஆலை முற்றமெல்லாம் எண்ணெய். தூங்கிவிட்டான் என்றார்கள். “அக்கா, மீட்டர் முக்கால்தான் காட்டிச்சு. நீங்களாவது சொல்லுங்க.”

“நானே செக் பண்ணிக் கையெழுத்து போட்டிருக்கேன் கலியா. மீட்டர் சரி.”

அந்த ஒரு வார்த்தையில் அவன் வேலை போயிற்று; அதன் பிறகுதான் அந்த ரயில்.

மூன்று வாரம் கழித்து, அவனிடத்துக்கு வந்த உத்தமனும் மீட்டர் முக்காலைத் தாண்டவில்லை என்றான். “சென்சாரையே மாத்திடுங்க” என்றார் மேனேஜர். அலமு மாற்றவில்லை. டேங்க் நிரம்பும்வரை மல்டிமீட்டரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலி டேங்க் என்றால் ஒயரில் நாலு மில்லியாம்ப் ஓட வேண்டும், நிறைந்தால் இருபது. பதினாறு வரை ஒழுங்காக ஏறியது. பிறகு எண்ணெய்தான் ஏறியது, முள் நின்றுவிட்டது.

பாதியில் உண்மை சொன்ன கருவி முக்காலில் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

“ரிக்‌ஷால கூட ஒரு ஆள ஏத்திப் பாரேன். சமதரையில ஓடும். டாக்குரியா பாலத்துல ஏறுமா?”

கூட ஏறிய ஆள், மேனேஜர் தன் நாற்காலியிலிருந்தே டேங்கைப் பார்க்க ஆசைப்பட்டு அதே ஒயரில் மாட்டச் சொன்ன இன்னொரு மீட்டர். மாட்டியது அலமு. மாட்டிச் சரிபார்த்த அன்று டேங்கில் பாதிதான் இருந்தது.

“பாதியப் பாத்துட்டு முழுசுக்குக் கையெழுத்து போட்டேன்” என்றவர் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டார், எண்ணெய் இன்னும் இருப்பதுபோல. அதையே தன் பெயரோடு அறிக்கையில் எழுதினார். மெமோ வந்தது. கலியனை மறுபடி வேலைக்கு அழைத்த உத்தரவு, விலாசத்தில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அலமு எழுதிய இரண்டு கடிதங்களும் அப்படியே.

நடுவில் ஆறு வருஷம் நான் ஊர் ஊராகச் சுற்றினேன். 2005-இல் திரும்பிய முதல் ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனால், “உங்க மொட்டைமாடி டேங்க் மிதவைய நிரம்பினப்ப பாத்தியா?” என்றுதான் வரவேற்றார். அப்போது அவர் மொபைல் முனகியது. கண்ணாடி இல்லாததால் என்னைப் படிக்கச் சொன்னார். ஆங்கில எழுத்தில் தமிழ்க் குறுஞ்செய்தி.

“அக்கா, கலியன். உத்தமன் நம்பர் குடுத்தான். எல்லாம் சொன்னான். இங்க ஒரு டேங்க் மீட்டர் முக்காலுக்கு மேல ஏறல. ஒரு பையன் மேல பழி போடறாங்க. எங்கேர்ந்து பாக்கணும்?”

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்துபோய்க் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, காலண்டரில் போன மாதத் தாளைக் கிழித்துத் திருப்பி, ஒரு டேங்க் வரைந்து, அதிலிருந்து ஒயராக ஒரு கோடு போட ஆரம்பித்தார்.