அண்ணன் பழுது பார்த்த கடைசி வண்டி

அண்ணன் போய் இந்த வாரத்தோடு ஓராண்டு நிறைகிறது. எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. முதல் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய வரலாற்றை இந்த நினைவு மலரில் எதிர்பார்ப்பீர்கள். எழுதுகிறேன். கடைசியில் வேறொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. தயவுசெய்து பாதியில் மூடிவிடாதீர்கள்.

அண்ணன் நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து, ஐந்து வயதில் அப்பாவோடு கப்பலேறி வந்தவர். அப்பாவுக்குச் செந்தூலில் தண்டவாள வேலை. நான் செந்தூலிலேயே பிறந்தவன். அப்பா காய்ச்சலில் இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது. ரயில்வே பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, பிட்டராக உயர்ந்து, அம்மாவை அவர் இறக்கும்வரையும், என்னை ஆளாகும்வரையும் காப்பாற்றினார். என்னைப் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். "முழம் போடற கை, ஸ்பேனரைத் தொடாதே" என்று கேலி செய்வார். அந்தக் கேலியை நான் மதித்து நடந்திருக்கலாம்.

வேலையில் அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. திருப்புளியின் பிடியைக் காதில் வைத்து எஞ்சினைக் கேட்பார். சக்கரத்துக்குக் கட்டை வைக்காமல் எந்த வண்டியின் கீழும் தலையை நீட்டியதில்லை. ஒரு சொல் கடிந்து பேசாதவர், கட்டை விஷயத்தில் மட்டும் கையாட்களைத் திட்டுவார்.

தொழில்கள் படுத்துவிட்ட மந்தக் காலத்தில் ரயில்வே பட்டறையில் ஆட்களைக் குறைத்தார்கள். அண்ணியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குப் போனார். அங்கே தோட்டத்துத் துரை பழையதாக வாங்கிய ஒரு செயின் டிராக்டர் இருந்தது. சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டைகளால் ஊர்ந்து போகும் வண்டி. கிழட்டு மரங்களின் வேர்க்கட்டைகளை இழுத்துப் பிடுங்குவதற்கு. ஓட்டுநர் மாரியப்பன். ஒருநாள் பெரிய வேர் ஒன்றை இழுக்கும்போது கியர்பெட்டிக்குள் ஒரு பல்சக்கரம் உடைந்து, வண்டி நகராமல் நின்றது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் துரை. அண்ணன் இரண்டு வாரம் தவணை கேட்டார்.

கியர்பெட்டியை இறக்கி, உடைந்த சக்கரத்தைச் செந்தூலில் தம் பழைய தோழரான கடைசல்காரரிடம் அனுப்பினார். அவர் அதே அளவில் புதிது வெட்டிக் கொடுத்தார். அதை அரிசிச் சாக்கில் சுற்றி ரயிலில் கிள்ளானுக்குக் கொண்டுபோனவன் நான். அண்ணன் அதை எண்ணெய் தடவி உள்ளே பொருத்தி, கையால் சுற்றிப் பார்த்தார். சத்தமே இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் காலை வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து கை துடைத்துக்கொண்டே, "ஆச்சு தம்பி, இனிமே வண்டி காட்டுக்குப் போகும்" என்றார். முதல் ஓட்டத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்றேன். அவருக்கு அதிலெல்லாம் பெரிய பற்று இல்லை. ஆனாலும் மறுக்கவில்லை. "நான் மேலே ஏறி எஞ்சினைப் போட்டப்பறம் வையி" என்றார்.

நான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்ப் பழமும் குங்குமமும் வாங்கினேன். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கடிகாரத்தில் ராகுகாலத்துக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. ஓடி வந்தேன். வண்டி நின்ற கொட்டகையில் யாரையும் காணவில்லை. பழம் பட்டைக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். அந்த இடத்தில் கட்டைகள் இருந்தன. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஒரு கட்டையை உருவிப் பழத்தை வைத்தேன். மறுபக்கக் கட்டையையும் உருவிப் பழத்தை வைத்தேன்.

ஒரு மரையில் எண்ணெய் கசிந்ததாம். அண்ணன் மறுபடி பின்பக்கமாகக் கீழே போயிருந்தார். கொட்டகைத் தரை வாசலை நோக்கிச் சரிவு. கியர் எதிலும் மாட்டியிருக்கவில்லை, பிரேக் பட்டைகள் தேய்ந்தவை. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இரண்டு முழம்கூட இருக்காது. நான் விலகி நின்று, ஏன் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்தக் குரல் கேட்டது.

துரையின் லோரியில் என் மடியில் தலை வைத்துக் கிடந்தார். கிள்ளான் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டையை எடுத்தது யார் என்று துரை கேட்டார். எண்ணெய் டின்னோடு வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்த மாரியப்பன், அதற்குள்ளேயே நசுங்கிய பழங்களைப் பொறுக்கித் தம் மடியில் கட்டிக்கொண்டிருந்தார். "என் கவனக்குறைவு தொரை" என்றார். பிறகு என் காதோடு சொன்னார்: "அண்ணனுக்கு ஆம்பளப் புள்ள இல்ல. ஒங்களப் போலீசு கூட்டிட்டுப் போயிட்டா கொள்ளி யாரு போடறது?"

நான் கொள்ளி போட்டேன். மாரியப்பனுக்கு வேலை போயிற்று. பதினாறாம் நாள் செந்தூல் வீட்டு வாசலுக்கு வந்தவரை, கொன்றவன் வந்துவிட்டான் என்று நம் உறவினர்கள் தள்ளி அனுப்பினார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்திருந்தேன். இன்று அவர் பந்திங் ஊர்ப் பக்கம் மண் வெட்டிக்கொண்டிருக்கிறார். ஓராண்டாக நீங்கள் எனக்குச் சொன்ன ஆறுதல் எல்லாம் அவருக்குச் சேர வேண்டியது. கட்டைகளை எடுத்தவன் நான்.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். அவர் அழவில்லை. பிறகு, "நன்றி சொல்ற எடத்துல மாரியப்பன் அண்ணன் பேரு மொதல்ல வரட்டும். துக்கப்படற குடும்பத்தார்னு போடறீங்களே, அதுல ஒங்க பேரு வேணாம் தம்பி" என்றார்.

ஆகவே: எங்கள் நன்றிக்கு முதல் உரியவர் மாரியப்பன் அவர்கள். திதிக்கு அவரை நான் நேரில் போய் அழைத்திருக்கிறேன். வந்தால் முதல் பந்தியில் இலை போடுங்கள். லோரி கொடுத்த துரைக்கும், பல்சக்கரம் வெட்டித் தந்த செந்தூல் தோழருக்கும், துக்கத்தில் சோறு பொங்கிப் போட்ட லயத்து மக்களுக்கும் எங்கள் நன்றி.

கீழே, துயருறும் குடும்பத்தார் வரிசையில் அண்ணியும் குழந்தைகளும் இருக்கிறார்கள். நாலாவதாக இருந்த பெயரை அச்சுக்கூடத்தில் நானே அடித்துவிட்டு வந்தேன்.