தங்கையின் விலாசம்

நகராட்சி ஆபீசின் வரிப் பிரிவில் எல்லோரும் அவளைத் 'தபால் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுவரி பாக்கி வைத்தவர்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதும், திரும்பி வரும் உறைகளைப் பிரித்து அடுக்குவதும் அவள் வேலை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். குடியிருப்பு, இரண்டு அறை வாடகை வீடு.

அப்பா தன் வீட்டைத் தங்கை பேரில் எழுதிவைத்தார். பெரியவளுக்குத்தான் ஆபீஸ் வேலை இருக்கிறதே என்றாராம். அன்றிலிருந்து தங்கை புதுப் புடவை கட்டினாலும் இவளுக்கு வயிறு எரியும். அந்த வீட்டுக்கு டைல்ஸ் போட்டதைப் பார்த்துவிட்டு வந்து, வழுக்கும் என்று புருஷனிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கை வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குக் குடிபோய் மூன்று வருஷமாகிறது. ஒரு நாள் திரும்பி வந்த உறைகளில் ஒன்று தங்கை பேருக்கு அனுப்பியது. 'கதவு பூட்டியுள்ளது' என்று தபால்காரர் எழுதியிருந்தார். உரிமையாளரின் வேறு விலாசம் தெரிந்தால் அங்கே அனுப்ப வேண்டும். தெரியாவிட்டால் நோட்டீஸைக் கதவில் ஒட்டி, ஒரு மாதம் பார்த்துவிட்டு வீட்டை ஏலம் விடலாம். படிவத்தில் விலாசம் கேட்ட இடத்தில் அவள் 'தெரியாது' என்று எழுதினாள். தங்கையின் புது விலாசம் அவளுக்கு மனப்பாடம்.

ஒட்டப்போன பியூன் சாட்சிக்கு ஆளில்லாமல் அவளையே கூட்டிப்போனார். பசை தடவிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வெளியே வந்தாள்.

"நீ இந்த வீட்டுப் பெரிய பொண்ணுதானே? தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"

பியூன் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அங்கேயே நின்று தங்கைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். தங்கை பதறவில்லை. பத்து நிமிஷத்தில் போனிலேயே முழு வரியும் கட்டிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"நல்லவேளை, நீ அங்க இருக்கேக்கா. வேற யாராவதா இருந்தா வீடே போயிருக்கும்."

பியூன் ஈரம் காயாத நோட்டீஸைச் சுரண்டி எடுத்தார். ஆபீசுக்கு வந்ததும் 'தெரியாது' என்பதை அடித்துவிட்டு, தங்கையின் விலாசத்தைக் கதவு எண்ணோடு எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி கேட்டதற்கு, இன்றுதான் கிடைத்தது என்றாள்.

செய்ய இருந்த காரியம் அவளை உறுத்தத்தான் செய்தது. ஆனால் அதைவிட ஆறாதது வேறு. அவ்வளவு பணம் கட்டியும் தங்கை குரலில் துளி வருத்தம்கூட இல்லையே.