ரோட்டுல விழாத கல்லு

முந்தாநாளு மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு நிக்கிறேன். "பிள்ளை அண்ணன் போய்ட்டாரு"ன்னாரு மீன்காரரு. "எங்க, சிங்கப்பூருக்கா?"ன்னு கேட்டேன். அவரு தராசக் கீழ வச்சாரு. அப்பத்தான் வெளங்குச்சு.

அருணாசலம் பிள்ளை அண்ணனைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். மலாக்காவுல காஜா பேராங் கம்போங் செட்டிக்காரரு, பல தலைமுறையா மலாய் பேசி வாழுற தமிழ்ச் சனம். தமிழ் ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் வரும், மத்ததெல்லாம் அவங்க வீட்டு மலாய். அவரு சொன்னத நான் தமிழாக்கி எழுதறேன். பழைய கட்டடம் இடிக்கிற வேலையில அவரு மண்டோர், அதாவது மேஸ்திரி, நாங்க கூலி ஆளுங்க.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வர்றதுக்கு முந்தி, புக்கிட் ரம்பாயில பழைய ரப்பர் ஃபேக்டரி புகைபோக்கிய இடிச்சோம். ரோட்ட ஒட்டி நிக்குது. மேல ஏறி ஒவ்வொரு செங்கல்லாப் பேத்தெடுக்கணும். கீழ சனங்க நடக்குற வழி. அந்த வழிக்கு மேல அண்ணன் மூங்கில்ல ஒரு தட்டி கட்டுனாரு. ரோட்டுப் பக்கம் ஒசரம், ஃபேக்டரிப் பக்கம் தாழ்வு. அதுக்கு மேல பலகை, பலகை மேல மரத்தூள் மூட்டை.

"வெறும் பலகைன்னா கல்லு எகிறி ரோட்டுக்கே போகும். மூட்டையில விழுந்தா வேகம் செத்து, சரிஞ்சு உள்பக்கமா வரும்"னாரு.

"கல்யாணப் பந்தலா அண்ணே? பொண்ணு யாரு?"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு தன் சைக்கிளத் தட்டிக்குக் கீழ நிறுத்திட்டு, "மேலருந்து கல்லப் போடு"ன்னாரு.

"சைக்கிள் போச்சுன்னா அக்கா உங்கள வீட்டுக்குள்ள விட மாட்டாங்க."

"அதான் நல்லாக் கட்டியிருக்கேன். போடுடா."

போட்டேன். சைக்கிள் மணிகூட அசையல.

புகைபோக்கி முழுசா எறங்குச்சு. ரோட்டுல ஒரு துண்டு விழல. முதலாளி வந்து பாத்தாரு. "ஒண்ணுமே விழலையே, பின்ன எதுக்கு இத்தன மூங்கிலு?" அண்ணன் என்னைப் பாத்தாரு. மேல மூட்டைங்க கிழிஞ்சு கெடந்த கெடையை நான் சொல்லியிருக்கணும். "பந்தல் போட்டாரு, மாப்பிள்ளதான் வரல"ன்னேன். முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சாரு. மூங்கில் வீண் செலவுன்னு மறுநாள் அண்ணனுக்கு வேல இல்ல. மண்டோர் நான்.

சண்டைக்கு வருவாருன்னு பயந்தேன். வந்தாரு, சண்டைக்கு இல்ல. "அடுத்து உஜோங் பாசிர்ல எண்ணெய் ஆலை இடிக்கப் போறீங்க. நான் மூங்கில் கேட்டா முதலாளிக்குக் கோவம் வரும். உன் வாய்க்குக் குடுப்பாரு. சிரிக்க வச்சு வாங்கிரு"ன்னாரு.

"முதலாளி, உங்க புதுக் கார் மேல செங்கல் விழுந்தா, எங்க மண்டையால தேச்சாலும் பாலிஷ் வராது"ன்னேன். மூங்கில் லாரி வந்துருச்சு.

சாயங்காலமா அண்ணன் வேலிக்கு வெளிய வந்து நிப்பாரு. தட்டிய அண்ணாந்து பாத்து, உள்ளங்கையச் சாய்ச்சுக் காட்டுவாரு. இன்னும் கொஞ்சம் சாய்க்கணும்னு அர்த்தம். நான் ஆள விட்டுச் சரி பண்ணுவேன். "நம்ம மண்டோர் மூளையே மூளை"ன்னுவாங்க பசங்க. அந்தப் பேர நானே வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எடுத்த ஒவ்வொரு வேலையிலயும் இதே கததான்.

நேத்து அவரு வீட்டுல எல்லாரும் என் வாயப் பாத்தாங்க, ஏதாச்சும் சொல்லி மனச லேசாக்குவேன்னு. அங்க சொல்லாதத இங்க எழுதறேன்.

அண்ணே, முதலாளி கண்ணுல பட்டா எனக்கு ஆகாதுன்னு, ஒரு நாள்கூட உங்கள "உள்ள வாங்க"ன்னு நான் கூப்பிடல. நீங்களும் வேலியத் தாண்டல. கையச் சாய்ச்சுக் காட்டிட்டு, நான் பாத்துட்டேனான்னு நின்னு பாத்துட்டுத்தான் போனீங்க.

பாத்துட்டேன் அண்ணே. போய்ட்டு வாங்க.