விட்டுப்போன பதினாறு பக்கங்கள்

ஒன்பது வருஷம் எழுதிய நாவல் அது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசு லேபிள்களும் டைரிகளும் வடிவமைப்பது என் பிழைப்பு. வேலை முடிந்ததும் விருதுநகர் பஸ்ஸைப் பிடித்து என் ஒற்றை அறைக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் எழுத உட்காருவேன். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களும் ஓய்ந்துபோயிருந்தார்கள். பேச்சுத் துணைக்கு எனக்கு வாய்த்தது அந்த நாவலில் வரும் மந்திரவாதிகள்தான்.

கதை இதுதான். ஒரு தேசத்தில் தீ முழுக்க மந்திரவாதிகளுக்குச் சொந்தம். அவர்கள் உத்தரவு இல்லாமல் யாரும் அடுப்பைக்கூடப் பற்றவைக்க முடியாது. அவர்களுடைய கோட்டை விளக்குகளுக்குத் திரி திரித்துக் கொடுக்கும் பெண்களின் வீடுகளோ தலைமுறை தலைமுறையாக இருட்டில் கிடக்கும். அந்தப் பெண்களில் ஒருத்தி எதிர்த்து எழுகிறாள். அவளைக் கற்பனை செய்ய நான் சிரமப்படவே இல்லை. அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு ஆலையில் திரி சொருகுகிற என் அக்காவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன். இடது காலை லேசாக இழுத்து நடப்பது, எதிரே இருப்பவர் கத்தக் கத்தத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டே போவது எல்லாம் அவளுடையது. அவளிடம் அனுமதி கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

முதலாளி நல்ல மனுஷர். பொங்கல் கழிந்து மிஷின்கள் சும்மா நிற்கும் நாட்களில் நூறு பிரதி அடித்துத் தந்தார். கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். எல்லோரும் வாசித்துவிட்டார்கள். அப்படித்தான் சொன்னார்கள். "அருமையா எழுதியிருக்கீக" என்றார் சித்தப்பா. முதலாளி ஒரு படி மேலே போய், "அந்த முடிவு இருக்கே, அதுதான் டாப்பு" என்றார். இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

அக்கா மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "வாசிச்சிட்டேன்லே" என்றாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "ம்" என்றாள். அதன்பிறகு எப்போது கூப்பிட்டாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நானூறு பக்கத்தை எங்கே வாசித்திருக்கப் போகிறாள், அதை ஒத்துக்கொள்ள வெட்கம், அதுதான் பேச்சைக் குறைக்கிறாள் என்று நானே முடிவுகட்டினேன். எனக்கென்று இருந்தது அவள் ஒருத்தி. அவளும் ஒதுங்கியது வலித்தது. நானும் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் டைரி வேலை ஆரம்பித்தது. குடோனில் எதையோ தேடப் போனவன் ஒரு மூலையில் 'விளம்பரம்' என்று துண்டுச்சீட்டு ஒட்டிய கட்டு ஒன்றைப் பார்த்தேன். பிரித்தால் உள்ளே என் வாக்கியங்கள்.

விஷயம் இதுதான். புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாக அடித்து மடிப்போம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு பாரம். பைண்டிங் பெண்கள் நீள மேஜையைச் சுற்றி நடந்து, அடுக்குக்கு ஒரு பாரமாக எடுத்துச் சேர்ப்பார்கள். டைரி என்றால் கடைசிப் பாரத்தைத் தொட மாட்டார்கள். அதில் வாங்குகிற கடையின் விளம்பரம் வரும், கடைக்குக் கடை மாறும். அதனால் அதைத் தனியாகக் கட்டி வைத்து, ஆர்டர் வந்த பிறகுதான் ஒட்டுவார்கள். வருஷக்கணக்காக டைரியே தைத்துப் பழகிய கைகள் என் நாவலுக்கும் அதையே செய்திருக்கின்றன. அந்த வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். அச்சானபின் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் போதும், சோறு இறங்காது.

ஓடிப்போய் ஒரு பிரதியைப் புரட்டினேன். கோட்டை வாசலில் அவள் தனியாக நிற்கிறாள். தலைமை மந்திரவாதி கையை உயர்த்துகிறான். 'தீ அவளை நோக்கிப் பாய்ந்து' என்று பக்கம் முடிகிறது. அதோடு அட்டை.

ஆறு மாதம். நூறு பேர். வாக்கியம் பாதியில் நிற்கிறதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலாளிக்கோ இல்லாத முடிவு டாப்பாக இருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. விடுபட்ட பாரங்களில் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்களைப் பிடிக்கக் கிளம்பினேன். சித்தப்பா வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டாம் பாகமா? அம்புட்டு வேகமா எழுதிட்டீகளே!" என்றார். அந்தப் பாராட்டோடு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன். ஆலைக்குக் கட்டும் பருத்திச் சேலைகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாலே, சாப்பிட்டியா?" என்றவளிடம், பதில்கூடச் சொல்லாமல், "அக்கா, என் கதையில கடைசில என்ன ஆச்சு? சொல்லு பாப்போம்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. சேலையின் முனையை இழுத்துச் சரிசெய்தபடி, "என்னத்த ஆச்சு. தீ அவ மேல பாயுது. முடிஞ்சுபோச்சு" என்றாள்.

அவள் வாசித்திருக்கிறாள். நூறு பேரில் அவள் ஒருத்திதான் கடைசி வரி வரைக்கும் வந்திருக்கிறாள்.

பையிலிருந்த பாரத்தை நீட்டினேன். விட்டுப்போச்சு, இன்னும் பதினாறு பக்கம் இருக்கு என்றேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு நின்றபடியே வாசித்தாள். 'அவள் காலடியில் வந்து அமைதியாகப் படுத்துக்கொண்டது' என்ற முதல் வரியில் அவள் விரல் நின்றது. திரும்ப வாசித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அப்ப உசுரோடதான் இருக்காளா?" என்றாள்.

"இருக்காக்கா. கடைசில அவதான் செயிக்கா."

"ஆறு மாசமாலே. வேலையில உக்காந்தா அவ நெனப்புத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னன்னு கேக்க? 'என்னய எதுக்குலே தீயில போட்டே'ன்னா?"