ஐந்து புளியங்கொட்டையும் ஒரு நோட்டும்

போன மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடைய அலுவலக நண்பர்கள் ஐந்து பேர் வந்து சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசைமேல் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம், பல முகங்கள் வைத்த பளபளப்பான பகடைகள், ஆளுக்கொரு அச்சிட்ட தாள். ஒருவர் கதை சொல்வாராம். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக நின்று 'நான் இதைச் செய்கிறேன்' என்பார்களாம். அது நடக்குமா நடக்காதா என்று பகடை சொல்லுமாம். அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்கிற பொறுமையோடு மகள் எனக்கு விளக்கினாள். கதை சொன்ன தாடிக்காரப் பையன், ஒரு மரக்கதவை உதைத்துத் திறக்கலாமா கூடாதா என்று பார்க்கப் புத்தகத்தைப் புரட்டினான். அதற்கு இன்னொருவன் மறுப்பு, அதற்கு வேறொரு பக்கம். அரை மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. இவ்வளவு படித்த பிள்ளைகள், ஒரு கதவு! சிரித்துவிடுவேனோ என்று பயந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அங்கே அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை என்னை நேராகப் பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கொண்டுபோய்விட்டது.

எண்பதுகளில் அங்கே ஒரு தனியார் பள்ளியில் எனக்கு முதல் வேலை. புளி உலுக்கும் மாதங்களில் வீட்டுக்கு வீடு வாசலில் பழத்தைக் கொட்டிச் சுத்தியால் தட்டுவார்கள். ஊருக்கே பல் கூசும். நானும் என்னோடு வேலை பார்த்த பிலோமினாவும் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் மகள் மெகருன்னிசா தையல் மிஷின் வைத்திருந்தாள். தர்மபுரியைத் தாண்டி எங்கும் போனதில்லை. எங்கள் இருவருக்கும் சேர்த்து இருந்ததைவிட அதிக மூளை அவளுக்கு இருந்தது என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் பிலோமினா. பெங்களூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த அவள் அண்ணன், கூட இருந்த யாரோ வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டு, இரண்டு தாளில் டைப் அடித்து அனுப்பியிருந்தார். முதல் தாளில், மகள் எனக்கு விளக்கிய அதே சங்கதி. இரண்டாவது தாள் முழுக்கப் பகடைக் கணக்கு. எட்டு முகம், இருபது முகம் என்று பகடைக்கு நாங்கள் எங்கே போவோம்? பிலோமினா அந்தத் தாளை மடித்து ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு அண்டை கொடுத்தாள். ஐந்து புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை கல்லில் தேய்த்தாள். ஐந்தையும் உருட்ட வேண்டியது. மூன்றோ அதற்கு மேலோ வெள்ளை விழுந்தால் நினைத்தது நடக்கும். குறைந்தால் நடக்காது. அவ்வளவுதான் சட்டம். மகள் வீட்டுச் செங்கல் புத்தகம் இதற்கு மேல் என்ன சொல்லிவிட்டது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் தாளில் இருந்தது. அதையும் விட்டுவிட்டோம். சொந்தப் பெயரிலேயே ஆடினோம். கதை சொல்பவள் பிலோமினா, கதை நடப்பது ஊருக்குப் பக்கத்துச் சித்தேரி மலையில். நான் லாரி ஓட்டினேன். (சிரிக்காதீர்கள், சைக்கிளிலிருந்து இரண்டு முறை விழுந்தவள் நான்.) மெகர், "எனக்குக் கப்பல் வேணும்" என்றாள்.

"சித்தேரி மலைல ஏது மெகரு கப்பலு?" என்றேன்.

"உனக்கு லாரி ஏது?" என்று பிலோமினா என்னை அடக்கிவிட்டு, வாணியாற்றில் வெள்ளம் வரவழைத்து அவளுக்கு ஒரு கப்பல் விட்டாள்.

ஞாயிறு காலையில் பிலோமினா கோயிலுக்குப் போய்வருவாள். சாப்பிட்டுவிட்டு மூவரும் பாயில் உட்கார்ந்தால் வெயில் இறங்கும்வரை ஆட்டம். மெகர் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கப்பல் ஓட்டுவாள்.

எங்கள் பள்ளியில் ஒரு கணக்கு சார் இருந்தார். பெயர் வேண்டாம், அந்த மரியாதைக்குக்கூட அவர் தகுதியில்லை. சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. யார் எது பேசினாலும், "அப்படி இல்லீங்க" என்றுதான் தொடங்குவார். ஒருநாள் விடைத்தாள் கட்டு கொடுக்க வந்தவர், கொட்டை உருளும் சத்தம் கேட்டு மாடிக்கே ஏறிவந்துவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இதுல ரூல்ஸே இல்லீங்களே டீச்சர். ரூல்ஸ் இல்லாம என்னங்க வெளயாட்டு?"

அடுத்த ஞாயிறு ஒரு நீளநோட்டோடு வந்தார். ஒரு ஆள் எத்தனை கிலோ தூக்கலாம், ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்கலாம், எல்லாவற்றுக்கும் பட்டியல். பெண் பாத்திரம் ஆண்துணை இல்லாமல் மலையேறினால் இரண்டு கொட்டை கழிவு. மெகரின் கப்பலை முதல் நாளே தரைதட்ட வைத்தார், ஆற்றுக்கு ஆழம் போதாதாம். கதை சொல்லும் இடத்திலும் அவரே உட்கார்ந்துகொண்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகிழ்ந்துபோனேன். பெரிய சார் நம்மோடு உட்கார்ந்து விளையாடுகிறாரே என்ற பூரிப்பு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவர் சொன்னதும், வாராவாரம் ஆட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதும் வேலையைத் தலைமேல் ஏற்றுக்கொண்டேன். தேதி போட்டு, பெயர் போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் இழுத்து. அந்த நாளைய என்னை இப்போது எதிரில் பார்த்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டேன்.

ஒரு ஞாயிறு அவர் கதையில் ஒரு ஜமீன்தார் மகன் வந்தான். அவனாக அவரே நடித்தார். பிலோமினாவைக் கட்டாயமாகக் கல்யாணம் செய்து மாளிகையில் வைத்துவிட்டான். "இப்ப என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

பிலோமினா யோசிக்கவே இல்லை. "தாலியக் கழட்டி வெச்சிட்டு, பின்பக்கமா எறங்கி சித்தேரி பஸ்ஸு ஏறிடுவேன்."

"யார்கூடங்க?"

"தனியாத்தான்."

"ரெண்டு கொட்டை கழியும்."

"கழியட்டும்" என்று மூன்று கொட்டைகளை உருட்டினாள். மூன்றும் வெள்ளை. மெகர் ஊசியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. தொல்லை விட்டது என்றுதான் நினைத்தோம்.

உண்மையிலேயே அப்போது பிலோமினாவுக்குத் தர்மபுரிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தார். இரண்டு வாரம் கழித்துப் பள்ளி நிர்வாகி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் நோட்டிலிருந்து கிழித்த ஒரே ஒரு தாள். 'பிலோமினா: தாலியைக் கழற்றி வைத்துவிட்டு சித்தேரி பஸ் ஏறிவிடுவேன்.' கொட்டைக் கணக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது, அந்தப் பக்கம் அங்கே இல்லை. கணக்கு சார் ஜன்னலோரம் நின்று பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"அந்தம்மா இப்படிச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவ்வளவுதான் பேசினேன். 'விளையாட்டுக்குச் சொன்னதுங்க' என்று சேர்த்திருக்கலாம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வளர்ந்த டீச்சர்கள் கொட்டை உருட்டி விளையாடினோம் என்று அந்த அறையில் சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியது எதற்கு என்றுகூடத் தெரியாத ஒருத்திதான் பிள்ளைகளுக்கு நன்னெறிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சேதி தெரிந்து மெகர் தானாகவே பள்ளிக்குப் போனாள். ஐந்து கொட்டைகளையும் நிர்வாகியின் மேசைமேல் வைத்து, "இதாங்க வெளயாட்டு, நானும் கூட ஆடுனேன்" என்றிருக்கிறாள். "நீ யாரும்மா?" என்று கேட்டு, பியூனை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். தாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் நின்றது. ஒழுக்கம் பற்றி விளக்கம் எழுதித் தரச் சொன்னார் நிர்வாகி. பிலோமினா ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள்.

அண்ணன் வீட்டுக்குப் போவதற்காக அவள் பெட்டி கட்டும்போது நான் பக்கத்தில் நின்று அழுதேன். புடவைகளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் நின்னது எனக்கு நல்லதுதான். அந்தாளு மூஞ்சியே எனக்குப் புடிக்கல. அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

பெட்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன். வேண்டாம் என்று அவளே தூக்கிக்கொண்டு இறங்கினாள். கீழே மெகரைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

எனக்கு வேலை நிரந்தரமானது. கணக்கு சார் தலைமையாசிரியராகி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். வாழ்த்துமடலை வாசித்தது யார் என்கிறீர்கள்? நான்தான். எழுதியதும் நான்தான், அதே முத்து முத்தான கையெழுத்தில்.

பெங்களூரிலிருந்து திரும்பும்போது பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கினேன். மாடி வீடு இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி போட்ட செல்போன் கடை. வாசலில் புளி தட்டுவாரும் இல்லை. பிலோமினா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எதிரே டீக்கடையில் வயதான ஒருவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மெகரைப் பற்றி விசாரித்தேன்.

"அவங்க வூட்ட வித்துட்டு ஓசூர் பக்கம் போயி ரொம்ப வருசமாச்சிங்க."

"மாடில ரெண்டு டீச்சருங்க குடியிருந்தாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "ஒரு டீச்சரு ஓடிப்போச்சின்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு யாருன்னு தெரியலீங்க."

"ஓடிப்போகலீங்க" என்றேன். "வேலைய வுட்டுட்டு, பகல்ல, எல்லாரும் பாக்க பஸ் ஏறிப் போனாங்க."

"எல்லாம் ஒண்ணுதானுங்களே" என்று சொல்லி, டீயை என் முன்னால் வைத்தார்.